பாய்மரப் பந்தயமும் உங்கள் அண்ணனும்

மண்டி மொஹல்லா, மைசூர்
19-11-94, சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

லீலா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வயிற்றுவலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். காரணம் பின்னால் வரும்.

முதலில் நம் சக்தியின் பந்தயம். என்.சி.சி. பெண்களுக்குப் போன ஞாயிறு கண்ணம்பாடி அணைத் தேக்கத்தில் பாய்மரப் படகுப் போட்டி. ஜெயிக்கும் படகுக்குப் பம்பாய்ப் போட்டியில் இடம். நம் பெண்ணும் காலேஜ் தோழி பிரதிபாவும் ஒரு படகில். சுற்றி வரவேண்டிய மிதவை நேரே தெரிகிறது, இவர்களோ எங்கோ பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரதிபாவின் அப்பாதான் பொறுமையாக விளக்கினார். எதிர்காற்றில் பாய்மரப் படகு நேரே போகாதாம். இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பித்தான் ஏறவேண்டுமாம்.

முன்னால் மங்களூர்ப் படகு. அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகாமல், நம் பெண்ணுக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டே போனது. இவள் இடப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பும். வலப்பக்கம் வந்தால் அதுவும் வரும். நம் பாய் தொய்ந்து போய்ப் படபடத்தது. இது அநியாயம் இல்லையா என்று கேட்டேன். "ஏனூ தப்பில்லம்மா, முன்னாடி போறவங்க அப்படித்தான் அமுக்குவாங்க" என்றார் பிரதிபாவின் அப்பா, கன்னடமும் தமிழுமாக. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சேற்றில் புடவை நனைய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

அப்போது பிரதிபா மறுபக்கம் தாவப் போகிறவள் போலக் குனிந்தாள். சக்தி சுக்கானை அசைத்தாள். படகின் மூக்கு திரும்பியது. மங்களூர்க்காரிகள் அதைப் பார்த்து அவசரமாகத் திருப்பிவிட்டார்கள். நம் பெண்கள் முழுசாகத் திரும்பவே இல்லை! பாதியில் பழைய வழிக்கே வந்துவிட்டார்கள். காற்று முழுசாகக் கிடைத்ததும் பாய் புடைத்துக்கொண்டது. அந்தப் படகு மறுபடி திரும்பி வருவதற்குள் சக்தி மிதவையைச் சுற்றிவிட்டாள். கடைசிவரை அவளை யாரும் பிடிக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

இனி உங்கள் அண்ணன். நீங்கள் போனதிலிருந்து தினம் சாயங்காலம் நம் வீட்டு நாற்காலியில்தான். சக்தி டைப்ரைட்டிங் போனால் அங்கே வந்து நிற்பார், கடைக்குப் போனால் அங்கேயும் வருவார். பம்பாய் என்றதும், "பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்ன சோலி?" என்றார். இவள் கிளம்பவேண்டிய இன்றைக்கே, ஹனூர் மாப்பிள்ளை வீட்டார் மாதேஸ்வரன் மலைக் கோயிலில் பெண் பார்க்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். நீங்களோ எல்லாம் அண்ணன் சொல்கிறபடி செய் என்று முன்பே எழுதிவிட்டீர்கள். சக்தி பம்பாய்க்கு எடுத்து வைத்த துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

உங்கள் அண்ணனிடம் சரி என்று தலையாட்டினேன். சக்திக்குப் புதுப் புடவை எடுத்தேன். அவரிடம், "நீங்களும் அக்காவும் வெள்ளிக்கிழமையே மலைக்குப் போய் ரூம் போட்டு வையுங்கள், நாங்கள் காலை பஸ்ஸில் வருகிறோம்" என்று சொன்னேன். வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினார். இன்று விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, புறப்பட வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு சக்தியைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டேன். பம்பாய் வரை பிரதிபாவின் அப்பா துணைக்குப் போகிறார். உங்கள் அண்ணன் இந்நேரம் மலை இறங்கியிருப்பார்.

பம்பாயில் முதலில் இரண்டு வாரம் பயிற்சி முகாம், அப்புறம்தான் போட்டி. அதற்குள் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிடும். முகாமின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திரும்பி வா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ரயிலில் வந்துவிடுவாள். உங்கள் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அது தெரிந்தும்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் அண்ணனை ஏமாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை.

வாசலில் ஆட்டோ. இந்தத் தடவை அவர்தான், வாடகைக்குச் சண்டை போடும் குரல் கேட்கிறது. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நம் பெண்ணுக்குப் போன் செய்யுங்கள். என்ன சொல்வதானாலும், இந்த ஒரு தடவை அண்ணனைக் கேட்காமல் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக உட்கார முடியாமல் நடந்துகொண்டிருக்கும்,
லீலா