அம்மா கட்டிய மூன்று மாடி

திருவண்ணாமலை,
20-2-1983

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் இரண்டைத் தவிர. அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், நீதான் பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லையே. அங்கே குளிர் ஜாஸ்தி என்று ரேடியோவில் சொன்னார்கள், பேரனுக்குக் காதை மூடித்தான் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். நம் வீட்டுக்காரர் இந்த வருஷமும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. உன் அம்மா அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பதில் சொல்ல நான் அகப்படுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் சாரணர் மன்றத்தின் வருஷ முகாம் அடி அண்ணாமலையில் நடந்தது. இந்த முறை வேலூரிலிருந்து சாரணர் கமிஷனர் இராமலிங்கம் அவர்களே பார்வையிட வந்துவிட்டார். மீசையும் விசிலும் பளபளக்கும் பூட்ஸுமாக அவரைப் பார்த்தாலே பையன்கள் விறைத்து நிற்பார்கள். முகாமை ஏலகிரி மலைக்கு மாற்றிவிடலாம் என்று மன்றத்தில் சிலர் பேசிக்கொண்டிருந்ததால், இவர் மெச்சும்படி நடத்திக் காட்டிவிட வேண்டும் என்று நான் தலைகீழாக நின்றேன். முகாம் நம் ஊரை விட்டுப் போனால் என் காக்கி அரை டிராயரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான், மலை ஏற இந்த முழங்கால் சம்மதிக்காது. அது போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது சொல். கூடாரத்துக்கு நடுவே நெருப்பு மூட்டிப் பாடும்போது நிலா இருந்தால் அழகாக இருக்குமே என்று பௌர்ணமியாகப் பார்த்துத் தேதி குறித்ததும் நான்தான். அந்த அழகுதான் என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

வழி கண்டுபிடிக்கும் போட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். கற்களைச் சுண்ணாம்பில் முக்கி, வழியோரத்தில் அம்புக்குறி மாதிரி அடுக்கிக்கொண்டே போவோம். பையன்கள் அதைப் பார்த்துப் பார்த்து வந்து சேர வேண்டும். முதல்நாள் சாயங்காலம் நானே குனிந்து குனிந்து, முகாமிலிருந்து கிரிவலப் பாதையோடு போய், ஒரு மாந்தோப்புக்குள் திரும்புகிற வரைக்கும் கல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தோப்பில் கொடியும் உப்புமாவும் தயார். கமிஷனர் என்ன செய்தார், பையன்களோடு நானும் வருகிறேன் என்று தானே முன்னால் கிளம்பிவிட்டார். போகும்போதே, யாரையும் வழி கேக்கக் கூடாது, கேட்டா அது சாரணனுக்கு அழகில்ல என்று ஒரு உத்தரவு.

தோப்பில் நானும், எனக்குத் துணையாக இருக்கும் சாரண ஆசிரியர் கலீல் ரஹ்மானும் காத்திருந்தோம், காத்திருந்தோம், ஒருத்தரும் வரவில்லை. கலீல் அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டு, சார், இனிமே கரண்டி ஒதவாது, கடப்பாரைதான் வேணும் என்றார். உச்சி வெயிலில் முகாமுக்குத் திரும்பி ஓடினால், எதிர்ப் பக்கத்திலிருந்து ஊர்வலம் வருகிறது. வழியில் ஒரு அம்புக்குறிகூட இல்லையாம். கமிஷனரோ, மலை நம்ம வலது கைப்பக்கம் இருக்கிற வரைக்கும் வழி தப்பல, நடங்கடா என்று தைரியம் சொல்லியே மலையை ஒரு முழுச்சுற்று சுற்றி அழைத்து வந்துவிட்டார். இந்த மலை வேறெங்கே போகும்? பூட்ஸ் போட்டுக்கிட்டா கிரிவலம் வர்றீங்க என்று பாதையில் பெண்கள் போட்ட சத்தத்தில், பூட்ஸைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். நெற்றியில் யாரோ பட்டையாகத் திருநீறு வேறு பூசிவிட்டிருந்தார்கள். எனக்கு வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கல்லைக் கலைச்சது யாருன்னு எனக்கு எழுத்துல வரணும், வரலேன்னா அடுத்த வருஷம் ஏலகிரிதான் என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, அந்தப் படுபாவி மட்டும் என் கையில் கிடைக்கட்டும் என்று நான் குதிக்கிறேன், உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, ஏங்க, அந்தக் கல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சா என்று கேட்டாள். நான் குதிப்பதை நிறுத்தினேன். பௌர்ணமி என்று விடியற்காலையில் கிரிவலம் போனவள், சொந்த வீடு அமைய வேண்டும் என்று வழியோரத்தில் எல்லோரும் கல்மேல் கல் அடுக்குவது போலத் தானும் அடுக்கியிருக்கிறாள். யாரோ புண்ணியவான் நல்ல கல்லா பாத்து, வெள்ளை அடிச்சு வரிசையா வெச்சிருக்கார்னு நெனச்சேன், போற வழியெல்லாம் பொறுக்கி மடியில கட்டிக்கினேன், மூணு மாடி வந்துச்சுங்க என்கிறாள். இத்தனை வருஷம் உனக்கு அம்புக்குறியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே என்றால், நீங்க சொல்றப்ப நான் என்னைக்குக் காது குடுத்தேன் என்கிறாள்.

நன்றாகத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே மாடிக் கணக்குச் சொன்னாள். கீழ வீடு நமக்கு, நடு வீடு ஆதிக்கும் மாப்பிள்ளைக்கும், மேல இருக்கறது உங்க கம்பு, கூடாரம், டமாரம் எல்லாம் போட்டு வைக்க. போன தடவை மாப்பிள்ளை ராத்திரி படுக்க இடமில்லாமல் லாட்ஜுக்குப் போனாரே, அது அவள் மனசில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் வரவே இல்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை அம்மா.

ஆனால் கமிஷனருக்குப் பதில் எழுதியாக வேண்டுமே. சாரணன் பொய் சொல்லக் கூடாது. கட்டிய பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது. யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: "கற்களை எடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. அவர் நம் இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். கெட்ட எண்ணம் கிடையாது. அவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம், எனக்குத் திருமணமான நாளிலிருந்தே இல்லை." நேற்றுதான் பதில் வந்தது. என் அறிக்கையை மன்றத்தில் படித்தார்களாம், கல்யாணமான உறுப்பினர்கள் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்களாம். முகாம் இங்கேயே நடக்கலாம், பௌர்ணமி மட்டும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பரவால்ல, மனுஷன் நல்லவர்தான் என்றாள்.

கற்களைத் திரும்ப எடுத்து வரலாம் என்று சைக்கிளில் போய்ப் பார்த்தேன். மூன்று மாடியும் அப்படியே நின்றது. தொட மனசு வரவில்லை, வேறு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்கிறேன்.

கோடை லீவுக்கு அவசியம் வாருங்கள். உன் அம்மா ஆசைப்படுகிற சொந்த வீடு வேங்கிக்கால் பக்கம் அமைகிறபோது அமையட்டும், அதுவரைக்கும் மாப்பிள்ளை லாட்ஜுக்குப் போகக் கூடாது. மொட்டை மாடியில் என் பெரிய கூடாரத்தை அடித்துத் தருகிறேன், காற்று பிய்த்துக்கொண்டு போகும், பேரனும் நானும் காவல் இருப்போம். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, மறக்காதே. ஸ்டேஷனிலிருந்து வரும்போது வழியில் அம்புக்குறி எதையும் நம்பாதே. உன் அம்மா இப்போதே வாசலில்தான் நிற்கிறாள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க ஆசி கூறும்
அப்பா,
அருணகிரி