சமையல் மேடையில் இடது கை

14-3-86, வெள்ளி

திங்கட்கிழமை பள்ளி விழாவில் நான் பியானோ வாசிக்க வேண்டும். சரியாக வாசித்தால் பாட்டு டீச்சர் வேலை எனக்கு. பாட்டு புதுசு, நேற்றுதான் தந்தார்கள். வீட்டில் பியானோ ஏது? குழந்தை தூங்கியதும் சமையல் மேடைமேல் விரல்களை ஓட்டினேன். நேற்று பள்ளிப் பியானோவில் தடுமாறிய கடைசி வரியை, இடது கையால் மட்டும், மெதுவாக, திரும்பத் திரும்ப.

மாமியார் பார்த்துவிட்டார். "ஏம்மா, ஒரே எடத்தையே தட்டிக்கிட்டு இருக்க? மொதல்ல இருந்து வராதா?"

"மொத வரி வரும் அத்தை. வராததைத்தானே பழகணும்?"

"சத்தமே காணோம், இதுல வந்தது வராததுன்னு வேற!"

ஷிப்ட் முடிந்து வந்த அவரும் சாப்பிட்டபடியே சிரித்தார். "முடியலன்னு சொல்லிடு. இந்த வேலைக்கு வந்திருக்கிற அந்த பாகலூர் டீச்சர் வாசிக்கட்டும்."

அதுதான் இன்னும் உறுத்துகிறது. பயம் எனக்கும் இருக்கிறது. குழந்தைக்கு வேறு சளி. ஆனாலும் முடியாதென்று நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் எதிரிலேயே மறுபடி தட்டினேன். வலது கையையும் சேர்த்தேன். தடங்கலில்லாமல் போனது.

"ரசம் ஊத்து" என்றார்.

"இருங்க, இந்த வரி முடியட்டும்."

கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தார்.