கெர்ஷோன் குடித்த காப்பி

தெல் ஹம்ரா,
1911, கோதுமை அறுப்பு முடிந்த வாரம்

திபேரியாவில் உட்கார்ந்து தொப்பை வளர்க்கும் ரஹமீமுக்கு உன் தியாப் எழுதுவது.

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், தானிய வியாபாரிக்கு என்ன குறை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் அடிவாங்கிக் கற்ற எழுத்து இது. கோணலைப் பார்த்துச் சிரிக்காதே.

எங்கள் ஊர் நிலத்தை பெய்ரூத் பணக்காரன் விற்றுவிட்டான். அவன் மூஞ்சியை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. தங்கள் பேர் பத்திரத்தில் ஏறினால் துருக்கிப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து, எங்கள் அப்பன்மார் அவன் அப்பன் பேரை எழுதிவைத்தார்கள். எவ்வளவு புத்தி பார். வாங்கியவர்கள் உன் ஜனங்கள், ருஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். அறுத்த வயலின் தாள் எல்லார் ஆட்டுக்கும் பொது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மேயப் போன ஆடுகளைப் பிடித்து அடைத்தார்கள். என் மகன் மர்ஸூக் கல்லெறிந்ததில் அவர்கள் காவல்காரனுக்கு மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டான்.

பெரியவர்களாகச் சேர்ந்து சமாதானம் பேசப் போனோம். ஆடு போகட்டும், நிலத்தை மட்டும் நாங்களே உழுகிறோம், விளைச்சலில் பங்கு தருகிறோம் என்று கேட்கத்தான். அவர்கள் தலைவன் கெர்ஷோன், மீசை முளைத்து அதிக நாள் ஆகாதவன், தேநீர் வைத்தான். கேட்க வந்த வீட்டில் யாராவது அதைத் தொடுவோமா? 'குடிங்க, வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க' என்று வீட்டுக்காரன் சொன்னால்தானே? அவன் வாயே திறக்கவில்லை. தேநீர் ஆறியது. விஷம் என்று பயப்படுகிறோம் என நினைத்தானோ என்னவோ, முகம் சிவந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய் வெளியே கொட்டினான். எழுந்து வந்துவிட்டோம். இப்போது இளவட்டங்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறார்கள்.

நீதான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாமே. அன்றைக்கு எங்கே தொலைந்தாய்? மழைக்கு நாங்கள் உழவில்லை என்றால் எங்களுக்கு ஊரே இல்லை. வந்து சேர்.

தியாப்


திபேரியா

கிழட்டுக் கடா தியாபுக்கு,

இடுப்புப் பிடிப்பில் கிடந்தேனடா. கெர்ஷோனிடம் உங்கள் வழக்கத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வைத்ததைத் தொடாமல் இருந்தால் அவன் ஊரில் முகத்தில் துப்பியது மாதிரியாம்.

அவனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ருஷ்யாவில் யூதன் என்று அவன் வீட்டைக் கொளுத்தினார்கள். தங்கை அந்தத் தீயில் போய்விட்டாள். அவனுக்கும் திரும்பிப் போக இடமில்லை.

'அவர் வீட்டுக்கு நானே வர்றேண்ணே. அவங்க முறைப்படியே உக்காந்து கேக்கறேன்' என்கிறான். என்ன கேட்பான் என்று என்னிடமும் சொல்லவில்லை. ஞாயிறு வருகிறோம். காப்பி நல்லதாக இருக்கட்டும். போன தடவை நீ ஊற்றியது கழுதை மூத்திரம்.

ரஹமீம்


தெல் ஹம்ரா

ரஹமீமுக்கு,

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன கடிதம் என்பாய். நீ அங்கே இருந்ததால்தான் எழுதுகிறேன்.

கெர்ஷோன் கிண்ணத்தில் வாய் வைக்காமல் அதைக் கீழே வைத்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. கேளு தம்பி என்றேன். அவன் சொன்னதை நீ சொன்னாய்: 'மழைக்கு முன்னால ஊரைக் காலி பண்ணிக் குடுங்க. ரத்தம் வேண்டாம். மர்ஸூக் பேரை சர்க்கார்கிட்ட சொல்ல மாட்டோம்.'

எங்கள் வழக்கத்தையே எடுத்து எங்கள் கழுத்தில் மாட்டினான். கெட்டிக்காரன்தான். நானும் சும்மா விடவில்லை. 'என் வீட்ல என்னுதா இருக்கறது எதை வேணா கேளு, தர்றேன். நிலம் என்னுது இல்லன்னு பத்திரம் காட்டறவன் நீ. என்னுது இல்லாததை நான் எப்படிக் குடுக்க? என்னுதுதான்னா, குடுக்க மாட்டேன்.'

வீடே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அவனிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னாய். அவன் கண் கலங்கி என் கையைப் பிடித்தான். பிறகு காப்பியை ஒரே மடக்கில் குடித்தான்.

கேட்டது இல்லை என்று ஆனவன் காப்பி குடிப்பானா? நீ என்ன சொன்னாய்?

தியாப்


திபேரியா

தியாப்,

சம்மதிக்கிறார் என்று சொன்னேன்.

நீ சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் மறுநாளே குதிரைப்படை வந்து மர்ஸூக்கைக் கட்டி இழுத்திருக்கும். பத்திரம் அவர்கள் கையில். எப்படியும் நிலம் போகிறது, பையனாவது மிஞ்சட்டும் என்று பார்த்தேன். ஏர் வரும்போது ஒதுங்கி நில். என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. குடும்பத்தோடு வா. உன் கேலி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

ரஹமீம்


தெல் ஹம்ரா,
முதல் மழைக்குப் பிறகு

ரஹமீமுக்கு,

ஏர் வந்தது. பாடிக்கொண்டே வந்தார்கள், சம்மதித்த ஊருக்கு வருகிற மாதிரி. கெர்ஷோன் எனக்கு ஒரு சர்க்கரைக் கட்டி கொண்டுவந்தான். மர்ஸூக் போய் ஏருக்கு முன்னால் படுத்துக்கொண்டான். கெர்ஷோன் என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டான். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் புரிந்தது. வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனைப் பார்க்கும் பார்வை அது. இந்த நரைத்த தாடிக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்தது அன்றுதான் முதல்முறை.

குதிரைப்படை வந்தது. மர்ஸூக் சிறையில் இருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுத்ததில் கெர்ஷோனுக்கு இப்போது உறுத்தலே இருக்காது. சொன்ன சொல்லை மீறியவன் நான் அல்லவா.

நாளைக்கு ஒட்டகத்தில் சாமான் ஏற்றுகிறோம். உன் மாடி வேண்டாம். கோபமில்லை. அங்கே வந்தால் நான் பேசுவதை நீதான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கே போகிறோம் என்று எழுதப்போவதில்லை.

தியாப்