அரிசிக்குள் புதைத்த மதர்போர்ட்

எனக்கென்று இருந்த ஒரே அக்கா வதனிக்கு,

அடுத்த மாதம் உன் ஆண்டுத் திவசம். நினைவு மலருக்கு வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மாமா வந்து போனார். "இவள் என்னத்தை எழுதப் போறாள்? வாய் திறந்து கதைச்சே ஆறு மாசமாகுது" என்று மாமி சிரித்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே. பரவாயில்லை, எழுதுகிறேன்.

முதலில் உனக்கு ஒரு செய்தி. கொண்டுபோன உன் சாமான்களைப் பொலிஸில் திருப்பித் தந்துவிட்டார்கள். சீல் வைத்த ஒரு பைக்குள் மதர்போர்ட், இரண்டு ராம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, ரிப்பன் வயர் எல்லாம் இருந்தன. ராம் செருகுகிற பள்ளத்தில் ஒரு அரிசி இறுகிக் கிடந்தது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் திரும்பப் பொருத்திப் பூட்டினேன். ராமை அழுத்தியதும் இரண்டு பக்கக் கொளுவியும் 'டிக்' என்று விழுந்தன. சுவிச்சைப் போட்டேன். ஒரு பீப் கேட்டது, விசிறி சுற்றியது. பட்டன் பற்றரி மட்டும் செத்துப்போயிருந்ததால் அதற்குத் தேதியும் நேரமும் மறந்துவிட்டது. மற்றதெல்லாம் வேலை செய்கிறது அக்கா. உன்னைத் தவிர எல்லாம் பழுதில்லாமல் திரும்பி வந்திருக்கின்றன.

சோதனை நடந்த அன்று அந்தச் சாமான்களை அரிசி வாளிக்குள் ஒளித்தது நீ என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். "ஒண்டும் இல்லாட்டி ஏன் ஒளிக்கோணும்?" என்று மாமி வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். "படிச்ச பிள்ளைக்கு அந்தளவு புத்தி இல்லாமப் போச்சே" என்று அம்மாவும் சொல்கிறார். ஒரு வருடமாக அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறேன்.

ஒளித்தது நான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பொலிஸ் சோதனை வருகிறது என்று ஒரு குரல் கேட்டால் போதும், எல்லா வீட்டிலும் எதையாவது ஒளிப்பார்கள். சண்டை நடக்கிற வன்னியிலிருந்து வந்த கடிதம், கலியாண வீட்டுப் படம், பழைய டயறி. ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒளிப்பார்கள். அன்று நீ ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் திருத்தப் போயிருந்தாய். அம்மா கோயிலில். எனக்குப் பதினைந்து வயது. நீ திருத்தி முடித்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மூடியில்லாமல் மேசையில் இருந்தது. வயரையும் பற்றரியையும் கண்டால் குண்டுக்குத்தான் என்று விடமாட்டார்கள் என்று நான் பயந்தேன்.

நீ எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை. கிட்ட வந்தாலே "தொடாதை, சனியன்" என்பாய். தள்ளி நின்று பார்த்தே பழகினேன். பத்து நிமிடத்துக்குள் பெட்டியைத் துப்புரவாகக் கழற்றிவிட்டேன். ஒரு பின்கூட வளையவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அரிசிக்குள் ஆழமாகப் புதைத்து, மேலே அளக்கிற பேணியை வைத்தேன்.

வெறும் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

வந்தவர்களில் ஒருவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். "மேக்கே படு கோ?" என்றார். இதற்குள் இருந்த சாமான் எங்கே என்கிறார். எனக்கு விளங்கியது. பதில் சொல்லுமளவுக்குச் சிங்களமும் தெரியும். வாய் வரவில்லை. கண் மட்டும் அரிசி வாளி இருந்த குசினிப் பக்கம் போய்விட்டது.

அவர்கள் வாளியைக் கவிழ்த்த நேரம்தான் நீ படியேறி வந்தாய். பெட்டியைத் தட்டியவர் அரிசி ஒட்டிய மதர்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து, "கவுத மேவா ஹெங்குவே?" என்று கேட்டார், யார் ஒளித்தது என்று. நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு "மம தமாய்" என்றாய். நான்தான் என்றாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அதே காலையில் கீழ்வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரையும் பார்த்தார்களாம். அவர் சுவிச்சைப் போட்டுச் சீட்டு விளையாட்டைக் காட்டினாராம். ஒருவர் நின்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனாராம்.

அன்றே உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். இருமலோடு வந்தாய். வீட்டில் இருந்தது பத்தொன்பது நாள். நீ ஏசுவாய் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். ஒரு நாள் உனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போதுதான் சொன்னாய், "மக்கு, அதை அப்பிடியே விட்டிருந்தா நான் வந்து சுவிச்சைப் போட்டுக் காட்டியிருப்பனேயடி!" அதற்குப் பிறகு நீ சிரித்தாயா, இருமினாயா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. "அம்மாட்டச் சொல்லிப்போடாதை. அவ இனி உன்னோடதான் இருக்கோணும்" என்றும் சொன்னாய்.

பொரளையில் உன்னை எரித்துவிட்டு வந்த அன்றும் மாமி அதையே கேட்டார். ஏன் ஒளிச்சவள்? நான் எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன்.

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அப்ப நீயெல்லோ போயிருக்கோணும்" என்றார்.

சத்தம் போடவில்லை. சந்தையில் காய் விலை கேட்கிற குரல்தான். பிறகு மிச்ச வெண்டிக்காயையும் வெட்டி முடித்தார். மத்தியானம் எனக்கும் சோறு போட்டுத் தந்தார். நான் சாப்பிட்டேன். அம்மா சொன்னதற்கு இல்லை என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். சொல்லுவாயா? அங்கே இருந்த எட்டு மாதத்தில் ஒரு நாளாவது நீயும் அப்படி நினைத்திருப்பாய்தானே?

இந்தப் பக்கத்தை மலரில் போட முடியாது என்று மாமா சொல்லக்கூடும். அப்படியென்றால் திவசத்தன்று சாப்பிட வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று இதை வாசிப்பேன். மாமி சிரிப்பார். சிரிக்கட்டும், ஆனால் தன் கேள்வியை இனி என் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். அம்மா இன்று சொன்னதை நாளைக்கும் சொல்லலாம், சாகும்வரை சொல்லலாம். நான் அவரை விட்டுப் போகமாட்டேன். அவர் போட்டுத் தருகிற சோற்றை முன்னால் இருந்து சாப்பிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்குப் பதிலாக வீட்டில் இருக்கிற
உன் தங்கை,
சுகி
வெள்ளவத்தை