லேத்து வளையத்துக்கு நாற்பது பொட்டு

4.10.2003, சனி. ஆயுத பூஜை.

காலையில் குத்துவிளக்கோடு சேர்த்து, வீட்டில் அவர் வைத்திருக்கும் கடைசல் மிஷின் லேத்து மேல் இருந்த பித்தளை வளையத்தையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. லேத்துக் கைப்பிடியில் மாட்ட அவரே கடைந்த வளையம் அது. கைப்பிடியைத் திருப்பத் திருப்ப வெட்டும் டூல் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பென்சிலால் நாற்பது கோடு போட்டிருந்தார். ஒன்றுகூட மிச்சமில்லை.

கம்பெனி பூஜை முடிந்து அவர் பொரிப் பொட்டலத்தோடு வருவதற்குள், பூ கட்டும் நூலால் வளையத்தைச் சுற்றி அளந்தேன். நூலை ஐந்தாக மடித்து, மூன்று முறை பாதியாக்கி, மறுபடி வளையத்தில் சுற்றி, மடிப்புக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். சரியாக நாற்பது.

"இன்னாடி இவ்ளோ பொட்டு? நாளைக்குத் தொடச்சிட்டு, கோட்டு மேல உளி வெச்சு அடிக்கணும்" என்றார்.

"தொடைக்காதீங்க. பொட்டு மேலயே அடிங்க."

"சாமி பொட்டு மேல சுத்தியலா? நீயா சொல்ற?"

"அடிக்கு ஒரு முருகா சொல்லுங்க, பாவம் வராது."

பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாதே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். கோடு மங்கலாகக்கூடத் தெரியவில்லையாம். திங்கட்கிழமை லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போகிறாராம்.

முருகா, காலையில் காபி கொடுத்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.