ஆச்சி திரும்ப வாங்கிப் போன பதினேழு ஓட்டுகள்

அனுப்புநர்:
க. அழகி,
த/பெ. கருத்தையா,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
உயர்நிலைப் பள்ளி,
செல்லாண்டிக்குடி, கானாடுகாத்தான் வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: எங்கள் வகுப்புத் தலைவர் தேர்தலில் கள்ள ஓட்டு விழுந்தது குறித்தும், ஓட்டுக்கு உடையவரே வந்து அதைத் திரும்ப வாங்கிச் சென்ற பிறகும் முடிவு மாற்றப்படாதது குறித்தும், வகுப்பின் தண்ணீர்த் தம்ளர் குறித்தும்.

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்கள் தங்களுக்கு எழுதுவதானால் தலைமையாசிரியர் மூலமாகவே எழுத வேண்டும் என்பதை அறிவேன். இம்மனு தலைமையாசிரியரைப் பற்றியது. அவர் மூலமாக அனுப்பினால் அவர் மேசையைத் தாண்டாது. ஆகையால் நேரடியாக எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். இந்த மனுவில் நான் பொறுத்தருளும்படி கேட்பது இது ஒன்றுக்குத்தான்.

1. எங்கள் வகுப்பறை மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கிறது. அதன் மூடிமேல் ஒரு பித்தளைத் தம்ளர் கவிழ்த்திருக்கும். பானைக்கும் தம்ளருக்கும் வகுப்புத் தலைவரே பொறுப்பு. யார் எப்போது குடிக்கலாம், எதில் குடிக்கலாம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். வகுப்பில் நாற்பத்தொரு பேர் படிக்கிறோம். கண்மாய்க்கு அப்பாலுள்ள தெற்குத் தெருவிலிருந்து வரும் நாங்கள் ஏழு பேர் தவிர, மற்ற அனைவரும் தம்ளரில் குடிக்கிறார்கள். நாங்கள் கையைக் குவித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். தலைவர் தம்ளரை உயரத் தூக்கி ஊற்றுவார். உயரம் எதற்கென்றால், தம்ளர் எங்கள் கையில் பட்டுவிடக் கூடாதாம். பாதித் தண்ணீர் வாய்க்குப் போகும். மீதி முழங்கை வழியாக வழிந்து தாவணியை நனைக்கும். பிற்பகல் முழுவதும் ஈரத் தாவணியோடு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பற்றித் தங்களுக்கு எழுத வெட்கமாயிருக்கிறது. வெட்கப்பட வேண்டியது நானில்லை என்பதால் எழுதுகிறேன்.

2. சென்ற ஆண்டு முழுப் பரீட்சையில் சமூகப் பாடத்தில் “தீண்டாமை ஒழிப்பு பற்றிச் சிறுகுறிப்பு வரைக” என்று ஒரு கேள்வி வந்தது. நான் சட்டம் வந்த ஆண்டோடு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அன்று பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் தாகத்துக்கு இதே பானைக்குத்தான் போனேன், இதே கையைத்தான் குவித்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன்.

3. எங்கள் பள்ளியில் வகுப்புத் தலைவரை ஆசிரியர் கை காட்டுவதுதான் வழக்கம். அந்தக் கை பள்ளிக்கு இடம் கொடுத்த பெரிய வீட்டுப் பிள்ளையைத் தாண்டி வேறு பக்கம் போனதில்லை. இவ்வாண்டு சமூகப் பாட ஆசிரியர் திரு. குழந்தைவேலு அவர்கள், போன வருடம் பெரியவர்கள் ஓட்டுப் போட்டதைப் போல நாமும் போட்டுப் பழகுவோம் என்று சொல்லித் தேர்தல் வைத்தார். பெரிய வீட்டுக் காசிவிஸ்வநாதன் நின்றார். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

4. நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஜெயித்தால் தம்ளர் எல்லாருக்கும். என்னுடைய சின்னமும் தம்ளர். காசிவிஸ்வநாதனின் சின்னம் தேர். அவர் ஜெயித்தால் எல்லாருக்கும் தேன்குழல் என்று சொன்னார். சொல்வதென்ன, ஜெயிக்கும் முன்பே கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன், நன்றாகவே இருந்தது.

5. என் தகப்பனார் செங்கல் காளவாயில் வேலை பார்க்கிறார். அவர் என்னிடம், “ஆத்தா, கையில குடிச்சாலும் தண்ணி தண்ணிதானே. நமக்கு எதுக்குத்தா இந்தப் பொல்லாப்பு?” என்றார். நான் அவரிடம், “அப்ப தம்ளர் எதுக்கு வச்சிருக்காக? அவுகளும் கையில குடிக்கலாமுல்ல?” என்று கேட்டேன். தேர்தலன்று காலையில் என் தாவணியை அவரே துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

6. 12-7-68 வெள்ளிக்கிழமை தேர்தல் நடந்தது. கரும்பலகைக்குப் பின்னால் வாய் குறுகிய இரண்டு மண்பானைகள் வைத்து, ஒன்றில் தேரும் ஒன்றில் தம்ளரும் சாக்கட்டியால் வரைந்திருந்தார்கள். ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியமுத்துக் கொடுத்து, விரலில் பேனா மை தொட்டு வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். அன்று யாரும் லீவு இல்லை. எல்லாரும் போட்டு முடித்ததும் தலைமையாசிரியர் திரு. பூமிநாதன் அவர்களே வந்து எண்ணினார். தம்ளர் பானையில் இருபத்து மூன்று. தேர் பானையில் முப்பத்தைந்து.

7. ஐயா, இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. நாற்பத்தொரு பேர் போட்ட ஓட்டு ஐம்பத்தெட்டு ஆகாது. குழந்தைவேலு ஐயா அதைச் சொன்னார். மறுபடி வைப்போம் என்றும் சொன்னார். தலைமையாசிரியரோ, “சில பயலுக ரெண்டு மூணு போட்டுருப்பானுக. அது ஆர்வக் கோளாறு. ஆர்வம் இருக்குறது நல்லதுதானே?” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, காசிவிஸ்வநாதன் ஜெயித்ததாக அறிவித்தார். தேர் பானையில் இருந்த முத்துகளில் பாதிக்குப் பாதி கறுத்து, வழவழவென்று, எண்ணெய் தடவியது போல் மினுங்கின. ஆசிரியர் கொடுத்தவை புது முத்துகள். முதல் பெஞ்சில் இருந்த எல்லாரும் இதைப் பார்த்தோம். “முத்துல பேரா எழுதியிருக்கு? உக்காரு புள்ள” என்றார் தலைமையாசிரியர்.

8. பெயர் எழுதியிருக்கவில்லைதான். ஆனால் உடையவர் இருந்தார். 15-7-68 திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் பெரிய வீட்டுக் கார் பள்ளி வாசலில் வந்து நின்றது. காசிவிஸ்வநாதனின் தாயார் சிகப்பி ஆச்சி அவர்கள் இறங்கி நேரே எங்கள் வகுப்புக்குள் வந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் தாங்கள் அறிந்ததே. நகரத்தார் வீட்டில் பெண்ணுக்கு வைக்கும் சாமானை ஊர் பார்க்கப் பரப்பி, எண்ணி, எழுதிக் கொடுப்பார்கள். வெள்ளிக் குடத்திலிருந்து பல்லாங்குழி வரை அது அந்தப் பெண்ணுக்கே சொந்தம். வீட்டுக்காரரே ஆனாலும் கேட்காமல் கை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டு ஆச்சி வந்து பல்லாங்குழி ஆட உட்கார்ந்தபோது முத்துக் குறைந்திருக்கிறது. வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு வீடே அமளிப்பட்டு, கடைசியில் காசிவிஸ்வநாதனின் கால்சட்டைப் பையில் இரண்டு முத்து அகப்பட்டிருக்கிறது.

9. அதன்பின் வகுப்பறையில் நடந்ததை, நாற்பத்தொரு பேரும் கேட்டபடியே எழுதுகிறேன். ஆச்சி, “வாத்தியாரே, செத்த இங்குட்டு வாங்க. என் பல்லாங்குழி முத்து உங்க பானையில கெடக்காம்ல. எங்க ஆத்தா எனக்கு வச்ச சாமான். ஒண்ணு கொறஞ்சாலும் நான் இங்குட்டிருந்து நகரமாட்டேன்” என்றார்கள். தலைமையாசிரியர் ஓடி வந்து, “ஆச்சி, நீங்க எதுக்கு வந்தீக? சொல்லிவிட்டா நானே கொண்டாந்து தரமாட்டேனா? உக்காருங்க” என்றார். ஆச்சி ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து, தேர் பானையை மேசைமேல் கவிழ்த்து, தம் முத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு முத்தில் சந்தேகம் வந்தபோது கட்டை விரலால் தடவிப் பார்த்து, “இது எனதில்ல” என்று தள்ளியும் வைத்தார்கள். அவ்வளவு நேர்மையாக எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் எண்ணவில்லை. பதினேழு முத்துகள் சேர்ந்தன. எடுக்க எடுக்கத் தலைமையாசிரியர் கூடவே நின்று, “இந்தா இதுவும் உங்கதான் ஆச்சி” என்று எடுத்துக் கொடுத்தார்.

10. பிறகு ஆச்சி மகனைப் பார்த்து, “ஏண்டா, யாரக் கேட்டுடா பெட்டியத் தொறந்தே? எதுக்குடா இது?” என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஓட்டுக்கு ஆத்தா” என்றார். ஆச்சிக்குப் புரியவில்லை. “ஓட்டுன்னா ஆளுக்கு ஒண்ணுல்லடா? போன வருசம் நானே ஒண்ணுதானே போட்டுட்டு வந்தேன்?” என்று கேட்டுவிட்டு, பதினேழையும் முந்தானையில் முடிந்துகொண்டு காரில் ஏறிப் போனார்கள். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் சாமானை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு விழுந்த ஓட்டை எனக்குத் தர ஆளில்லை என்பதுதான் என் குறை.

11. கார் போனதும் நான் எழுந்து, “ஐயா, ஆச்சி எடுத்தது போக மீதிய எண்ணுங்க” என்றேன். பதினெட்டுத்தான் இருந்தது. தலைமையாசிரியர், “எண்ணுனது எண்ணுனதுதான். வெள்ளிக்கிழமையோட தேர்தல் முடிஞ்சு போச்சு” என்றார். முத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் திங்கட்கிழமை தேர்தல் முடியாமல் இருந்ததா என்று கேட்டேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். கால் வலித்தது, ஆனாலும் நின்றேன். இரண்டு பானைகளையும் கவிழ்த்துக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். கொட்டியதைப் பொறுக்கி, எது எந்தப் பானையில் இருந்ததோ அதன்படி முடிந்து வைத்துக்கொண்டேன்.

12. தெற்குத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர்தான் என்று முதலிலேயே எழுதியுள்ளேன். ஆகவே எனக்கு விழுந்ததில் பதினாறு முத்துகள் தம்ளரில் குடிக்கிறவர்கள் போட்டவை. யார் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தேன்குழலையும் தின்றுவிட்டு, வீட்டில் தெரிந்தால் அடி விழும் என்பதையும் தெரிந்துகொண்டு, கரும்பலகைக்குப் பின்னால் போய் ஒரு நிமிடம் நின்று தம்ளர் பானையில் போட்டவர்கள் அவர்கள். தலைமையாசிரியர் என்னை மட்டும் தோற்கடிக்கவில்லை, அவர்களையும் இல்லையென்று ஆக்கிவிட்டார்.

13. காசிவிஸ்வநாதன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் கோபம் இருக்கிறது. ஜெயித்த அன்றிலிருந்தே அவர் முன்னைவிட உயரத்தில் இருந்து ஊற்றினார். ஆச்சி வந்து போன பிறகு எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினார். சென்ற வாரம் முழுவதும் எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படியே குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. நாக்கு வறண்டாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குடித்தேன்.

14. தாகத்தோடு இருந்ததில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தம்ளர் என்பது தேர்தலில் நின்று ஜெயித்து வாங்க வேண்டிய பொருளே அல்ல. முப்பத்தைந்து அல்ல, மூவாயிரம் முத்து விழுந்தாலும் என் கையைக் குவிக்கச் சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியபோது இது எனக்குத் தெரிந்திருந்தது. பானை முன்னால் நின்றபோது மறந்து போயிருந்தேன். எனவே இன்று காலை இடைவேளையில் நானே மூடியைத் திறந்தேன், தம்ளரில் மொண்டேன், நின்றபடி குடித்தேன். அடுத்து எங்கள் தெரு மாயக்கண்ணனிடம் நீட்டினேன். அவன் இரு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தான். அதன்பின் முதல் பெஞ்சு வீரலட்சுமி, பெரிய விவசாய வீட்டுப் பெண், எழுந்து வந்து அதே தம்ளரைக் கழுவாமல் வாங்கிக் குடித்தாள். அதற்குள் தலைமையாசிரியருக்கு ஆள் போய்விட்டது.

15. அவர் என்னைத் தம் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு தாளும் கொடுத்து, மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் டி.சி. கிழித்துக் கொடுப்பாராம். அந்தத் தாளில்தான் இம்மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று போதாமல் நடுவில் மூன்று முறை உள்ளே போய்த் தாள் கேட்டேன். ரொம்பவும் வருந்துகிறேன் போலிருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகவே கொடுத்தார்.

ஆகவே ஐயா அவர்கள், இத்துடன் அனுப்பியுள்ள முத்துகளைத் தங்கள் கையாலேயே எண்ணிப் பார்த்து, இருபத்து மூன்று பெரிதா பதினெட்டுப் பெரிதா என்பதை எங்கள் பள்ளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மறுதேர்தல்தான் முறை என்றால் தாங்களே வந்து நடத்துங்கள், நிற்கிறேன். தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வேன், ஆனாலும் கை குவிக்க மாட்டேன். உள்ளதைச் சொன்ன குழந்தைவேலு ஐயா தற்காலிக ஆசிரியர். அவர் வேலைக்கு இதனால் ஒரு கேடும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. விஷயத்தில் எனக்காகத் தாங்கள் பரிந்து பேச வேண்டியதில்லை. கொடுத்தால், காரணம் என்ற இடத்தில் “தம்ளரில் தண்ணீர் குடித்தாள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி மட்டும் அவருக்கு உத்தரவிடுங்கள். அதை வாங்கிக்கொண்டு நேரே தங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மதிய மணி அடித்தது. பானை இருக்கும் மூலை இந்தப் பெஞ்சிலிருந்து தெரிகிறது. நான் அங்கே இல்லை. மாயக்கண்ணன் தானே மூடியைத் திறந்து தம்ளரில் மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறான்.

இடம்: செல்லாண்டிக்குடி
நாள்: 22-7-1968

இப்படிக்கு,
கேட்டதை எழுதாமல் நடந்ததை எழுதியுள்ள,
க. அழகி,
வகுப்புத் தலைவர்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.

இணைப்பு: துணி முடிச்சு இரண்டு. வெள்ளை நூல் கட்டியது தம்ளர் பானையில் இருந்தவை. கறுப்பு நூல் கட்டியது தேர் பானையில் இருந்தவை. மீதிப் பதினேழும் தேவைப்பட்டால் பெரிய வீட்டு ஆச்சியிடம் கேட்டுப் பெறவும்; எண்ணித் திருப்பித் தர வேண்டியிருக்கும்.