பங்குனியில் துலக்கிய பீங்கான் தட்டு

அன்புள்ள ஆபா,

போன புதன்கிழமை உங்கள் மகள் ஷமீம் வாலாஜாபாத்திலிருந்து வந்து, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைத் திறந்தாள். சித்திரையில் வாடகைக்கு ஆள் வருகிறார்களாம். அதற்குள் கழுவித் துடைத்து வெள்ளையடிக்க வேண்டும். "சித்தி, கொஞ்சம் ஒத்தாசைக்கு வரீங்களா?" என்று நடுச்சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். சமையலறை அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் அத்தரும் பழைய புளியும் கலந்த உங்கள் வாசனை. நீங்கள் போய்விட்டதை அந்த அலமாரிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாம் இந்த வேலையை எப்படித் தொடங்கினோம், நினைவிருக்கிறதா? ஒரு வருடம் உங்கள் ரம்ஜானும் எங்கள் சித்திரை முதல் நாளும் முட்டிக்கொண்டு வந்தன. பங்குனி வெயிலில் இரண்டு வீட்டுப் பாயும் தலையணையும் ஒரே சுவரில் காய்ந்தன. உங்கள் தோட்டத்தில் நீங்கள் ஒட்டடைக் கம்போடு, என் தோட்டத்தில் நான் ஒட்டடைக் கம்போடு. அப்போதுதான் சொன்னீர்கள்: "சரசு, நம்ம வூட்டு குப்ப நமக்கு சொந்தக்காரங்க மாரி. போன்னு சொல்ல வாய் வராது. நீ என் வூட்ட பாரு, நான் உன் வூட்ட பாக்கறேன்."

அன்று பிடித்த வழக்கம். வருடத்தில் ஒருநாள் என் சமையலறையை நீங்களும் உங்கள் சமையலறையை நானும் காலி செய்து துலக்குவது. என் வீட்டுக்காரர் திருப்புலிவனத்துக் கழனியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏன், அவங்கவங்க வூட்டுக்கு கை நீளாதா?" என்று கேலி பேசுவார். நீங்கள் முக்காட்டுக்குள்ளிருந்தே, "நீளுது தம்பி. அதான் பக்கத்து வூடு வரைக்கும் வருது" என்பீர்கள்.

பிறகு ரம்ஜான் வருடத்துக்குப் பத்து நாள், பதினொரு நாள் என்று முன்னால் நகர்ந்து மாசிக்கும் தைக்கும் போனது. பிறையைப் பார்த்து நகர்கிறது என்றீர்கள். நான் நம்பாமல் என் கணக்கு நோட்டில் வருடா வருடம் தேதி குறித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பண்டிகை நகர்ந்தாலும் நம் பங்குனிச் சுத்தம் நகரவில்லை.

ஒன்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். என் வீட்டில் எதையும் நீங்கள் கேட்காமல் தொடமாட்டீர்கள். சாமி மாடத்துப் பக்கமே வரமாட்டீர்கள். ஒருமுறை அடுப்பு மேடை ஓரத்தில் காய்ந்துபோன மஞ்சள் உருண்டை ஒன்றைக் கண்டு, தொடாமல் நின்றுகொண்டு குரல் கொடுத்தீர்கள்: "இது இன்னா சரசு? சமையலுக்கா, சாமிக்கா?" விரதத்துக்குப் பிடித்து வைத்து, நான் கிணற்றில் விட மறந்த மஞ்சள் பிள்ளையார். நல்லவேளை கேட்டீர்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் பதிலுக்கு உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷமீம் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு உங்களிடம் வந்து இருந்த பங்குனி அது. அதற்கு முன் இரண்டு முறை ஐந்தாம் மாதத்திலேயே அவளுக்குக் கரு கலைந்து போயிருந்தது. அந்த மாதம் தாண்டினால் போதும் என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் முன்னறையில் படுத்திருந்தாள். நீங்கள் என் வீட்டுப் பரணில் ஏறியிருந்தீர்கள். உங்கள் அலமாரியின் மேல் அறையில், வெள்ளைத் துணி மூடி ஒரு பீங்கான் தட்டு இருந்தது. துணியை எடுத்தேன். தட்டு முழுக்க வட்டம் வட்டமாக மஞ்சள் கறை. இவ்வளவு சுத்தக்காரி, பிரியாணித் தட்டைக் கழுவாமல் மூடி வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். அந்தத் தண்ணீரைக் கிணற்றோரம் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன்.

பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவள் நான். எது கண்ணில் பட்டாலும் படிக்காமல் விடமாட்டேன். ஆனால் அந்தக் கறையை எழுத்து என்றே தெரிந்துகொள்ளவில்லை.

"ஆபா, வந்து பாருங்க உங்க தட்ட! இப்ப மொகம் பாக்கலாம்" என்று சுவருக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நீங்கள் வந்தீர்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"சோப்பு போட்டியா?"

"இல்ல ஆபா. சாம்பலும் புளியுந்தான்."

"மொத தண்ணிய எங்க ஊத்தினே?"

"கருவேப்பில செடிக்கு. ஏன் ஆபா?"

அதற்குள் ஷமீம் எழுந்து வந்து தட்டைப் பார்த்தாள். "அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு ஹஜ்ரத் குங்குமப்பூவைக் கரைத்து ஓதி எழுதிக் கொடுத்த குர்ஆன் வசனம் அது. மறுநாள் வெள்ளிக்கிழமை விடியலில் அதில் தண்ணீர் விட்டு, கரைந்ததை அவள் குடிக்க வேண்டும். வயிற்றில் இருப்பது நிற்க வேண்டும்.

"நான் பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"த, ஊர கூட்டாத. தண்ணி சாக்கடைக்கா போச்சு? செடி குடிச்சிச்சு. செடி குடிச்சத இவ தின்னட்டும். அவ்ளோதான்."

"கருவேப்பிலையாம்மா? எனக்குப் புடிக்காதே" என்றாள் ஷமீம், அழுகைக்கு நடுவில்.

"புள்ள புடிக்கும் இல்ல? மென்னு தின்னு."

அன்றிலிருந்து தினம் காலையில் நீங்கள் செடியருகே போய் ஒரு இணுக்குப் பறிப்பீர்கள். நான் தண்ணீர் இறைப்பதுபோல் நின்று பார்ப்பேன். ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறு தாண்டியது. உங்கள் செடி மொட்டையாகி, அடியில் இரண்டு புதுத் தளிர் விட்டது. ஆடிக் கடைசியில் பையன் பிறந்தான். சர்க்கரையோடு நீங்கள் என் வாசலுக்கு வந்து, "உன் செடி வைத்தியம் பலிச்சிது சரசு" என்று சொன்னபோதுதான் எனக்கு முழு மூச்சு வந்தது.

போன புதன்கிழமை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன் ஆபா. அலமாரியைத் துடைத்தபடி ஷமீமிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"சித்தி, உங்களுக்கு அம்மா கடைசி வரைக்கும் சொல்லலியா? அன்னிக்கு சாயங்காலமே பஸ் புடிச்சி காஞ்சிபுரம் போயி வேற தட்டு எழுதி வாங்கிக்கினு வந்தாங்க. வெள்ளிக்கெழம விடியல்ல நான் குடிச்சிட்டேன். சித்தி காதுக்கு போவக்கூடாது, தெரிஞ்சா அவ இந்த வூட்டுப் படி ஏற மாட்டான்னு சொன்னாங்க."

"அப்ப கருவேப்பில?"

"அதுவும் தெனம் குடுத்தாங்க."

"நான் பாக்கணும்னு குடுத்தாங்களா?"

ஷமீம் யோசித்தாள். "நீங்க ஊருக்குப் போயிருந்த வாரமும் விடலியே சித்தி. மழையில நனைஞ்சிக்கினு போயி பறிச்சாங்க."

இதைத்தான் உங்களிடம் கேட்கவேண்டும். எனக்காகத்தான் அந்தச் செடி என்றால், நான் இல்லாத வாரத்தில் ஏன் நனைந்தீர்கள்? நம்பித்தான் பறித்தீர்கள் என்றால், அந்தச் சாயங்காலம் ஏன் பஸ் ஏறினீர்கள்? ஒரு வாரமாக இட்லி மாவு ஆட்டும்போதும் விளக்கேற்றும்போதும் இதுவே ஓடுகிறது. ஒருவேளை உங்களுக்கே தெரியாதோ? எனக்கும் அப்படி ஒன்று உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்தப் பங்குனியிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, திங்கட்கிழமை தவறாமல் திருப்புலிவனத்துச் சிவன் கோயிலுக்கு நடந்துபோய் ஷமீம் பெயருக்கு நெய்விளக்கு ஏற்றினேன். உங்கள் செடியை நம்பாமல் அல்ல. நம்பிக்கொண்டேதான் போனேன். எப்படி என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

ஷமீமிடம் அதைச் சொல்லவில்லை. அலமாரியில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக இறக்கினோம். அடியில் ஒரு பித்தளை மூடி, ஓரமெல்லாம் பச்சை பிடித்து. புளியை எடுத்த கை நின்றுவிட்டது.

"இது இன்னா ஷமீம்?"

"வெறும் மூடி சித்தி. எந்த டப்பாவோடதோ. காலையிலேந்து எல்லாத்தையும் கேட்டுக்கினே கீறீங்க."

சரி என்று அதன் பிறகுதான் தேய்க்க ஆரம்பித்தேன்.

உங்கள்
சரசு